விளக்கில் இருந்த இரண்டாம் வரி

“வாயத் தொறக்காத, குணா. விரலக் காட்டு, அது போதும்.”

தேயிலை ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது செல்வராஜு தன் மனைவியிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னதால் பாதி சத்தத்தில் போய்விட்டது. நேற்று முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதால் குணவதிக்கு விளங்கிவிட்டது.

விரலைக் காட்ட வேண்டிய இடம் அவள் தம்பி தர்மாவின் வீடு. கோர்ட்டு ஆள் தானாக எதையும் எடுக்க மாட்டாராம். வழக்கில் ஜெயித்தவர் கூடவே வந்து, ‘இது அவருடைய சாமான், இதை எடுங்கள்’ என்று ஒவ்வொன்றாகக் காட்டித் தர வேண்டுமாம். கட்டுகிற துணி, படுக்கிற மெத்தை, பிழைக்கிற தொழிலுக்கான கருவி, இவற்றில் கை வைக்கக் கூடாது. மற்றதை எடுத்து, ஏலம் போட்டு, வருகிற காசைக் கொடுப்பார்கள்.

அந்தக் காசு குணவதிக்கு இந்த மாதமே வேண்டும். மாதக் கடைசியோடு செல்வராஜுவுக்கு வேலையிலிருந்து ஓய்வு. ஃபேக்டரியை விட்டு மட்டுமல்ல, கல்யாணமான நாளிலிருந்து குடியிருந்த எஸ்டேட் வீட்டை விட்டும் வெளியேற வேண்டும். அதை நினைத்துத்தான் கம்போங் ராஜா பக்கம் ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். நாலு சுவரும் எழும்பின. கூரைக்கென்று, தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் சமைத்துச் சேர்த்த பணத்தை, குத்தகைக்கு வீடு கட்டும் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த தம்பியிடமே கொடுத்தாள். கூரையும் வரவில்லை, பணமும் வரவில்லை. எங்கே போனது என்று கேட்டால் தர்மா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொன்னான். பிறகு பதிலே சொல்லவில்லை.

பணம் அவளுடையது என்பதால் வழக்கும் அவள் பெயரில்தான் போனது. தானா ராத்தா ஊர்க் கோர்ட்டில் வக்கீல் வைக்காமல் அவளே நின்று பேசினாள். குணவதி, கருப்பையாவின் மகள். எதிராக தர்மா, கருப்பையாவின் மகன். பெயரைக் கூப்பிட்ட பையன் இரண்டாவது தடவை கருப்பையா என்ற பெயர் வந்தபோது நிமிர்ந்து பார்த்தான். அவள் ஜெயித்தாள்.

ஜெயித்த பிறகும் மழை சுவருக்கு உள்ளேதான் பெய்துகொண்டிருந்தது.

கோர்ட்டு ஆளின் பெயர் ரொஸ்லான். பஸ் நிலையத்துக்கு எதிரே வெள்ளைப் பிக்கப்போடு காத்திருந்தார். கடற்கரை ஊர்க்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். குணவதி ஏறி உட்கார்ந்ததும், ‘புவான்’ என்று மரியாதையாக விளித்து மலாயில் கேட்டார்.

“இவர் உங்களுக்கு யார், புவான்?”

“தம்பி.”

வண்டி பிரிஞ்சாங் வளைவில் நின்றது. முன்னால் ஸ்ட்ராபெர்ரி வாங்க வந்த சுற்றுலாக்காரர்களின் பஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

“சொந்தத் தம்பியா?”

“சொந்தத் தம்பிதான்.”

“எனக்கும் ஒருவன் இருக்கிறான்,” என்றார் ரொஸ்லான். பஸ் விலகியதும் வண்டியை எடுத்தார்.

தர்மாவின் வீடு எஸ்டேட் மூன்றாம் டிவிஷன் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்தது. அவன் பெயரில் உள்ள வீடல்ல. அவன் மனைவி பிரேமலா மெஷினில் கொழுந்து வெட்டப் போகிறவள். அவள் வேலைக்காக எஸ்டேட் கொடுத்தது. தர்மாவின் லோரியைத் தவணை கட்டாததால் பேங்க் இழுத்துக்கொண்டு போன பிறகு, அவன் பிரிஞ்சாங்கில் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரிடம் தினக்கூலிக்கு முட்டைகோஸ் ஏற்றப் போகிறான். இன்றும் போயிருந்தான்.

பிரேமலா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வாங்க அண்ணி. அவருக்குக் காப்பியா, மைலோவா?”

சாமான் எடுக்க வந்தவருக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? குணவதி காப்பி என்றாள். வாயைத் திறக்காதே என்ற பேச்சு வாசற்படியிலேயே போய்விட்டது.

ரொஸ்லான் வந்த காரியத்தை முறைப்படி அறிவித்தார். மலாயில் பறிமுதலுக்கு ‘சீத்தா’ என்பார்கள். அடுத்த வீட்டு இராசம்மா இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த பாதிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“சீதாவா? இந்த லைன்ல சீதான்னு யாரும் இல்லையே. மேல் லைன்ல ஒரு சீதாலெட்சுமி இருந்துச்சு. அதையும் ஈப்போவுக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க.”

“ஆள் பேரு இல்ல பெரியம்மா,” என்றாள் பிரேமலா. “கோர்ட்டுல இருந்து வந்து சாமான எடுக்கறதுக்கு அப்படிச் சொல்வாங்க.”

“யாரு எடுக்கறா?”

“எங்க அண்ணி.”

இராசம்மா குணவதியை மேலும் கீழும் பார்த்தாள். “அவ பேரு குணவதியாச்சே,” என்றாள்.

குணவதி விரலைத் தூக்கினாள். முதலில் டிவி. பிரேமலா அலமாரியிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினாள். அவள் பெயரில் வாங்கியது, இன்னும் தவணை ஓடுகிறது. ரொஸ்லான் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்து ஐஸ் பெட்டி. அது பிரேமலாவின் அம்மா கொடுத்துவிட்டது, அம்மாவைக் கூப்பிட்டே கேட்கலாம். பின்பக்கம் சிமெண்டு கலக்குகிற மெஷின் ஒன்று தலைகுப்புறக் கிடந்தது. குணவதிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

“அது வேற ஒரு தவுக்கேயோடது அண்ணி. வாடகை பாக்கி இருக்குன்னு அவரும்தான் தேடிக்கிட்டிருக்காரு. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, அப்புறம் அவர் உங்க வீட்டுக்கு வருவாரு.”

இத்தனை சாமான் நிறைந்த வீட்டில் வீட்டுக்காரனுக்கென்று ஒன்றுகூட இல்லாமல் இருக்குமா என்று குணவதிக்குக் குழப்பமாக இருந்தது. தன் வீட்டில் தன்னுடையது என்று எதைச் சொல்லலாம் என யோசித்துப் பார்த்தாள். அதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

ரொஸ்லான் அடுப்படிக்குள் நுழைந்தார். பலகை நிறைய சில்வர் பாத்திரம். கீழே ஒரு பித்தளை அண்டா. அவர் ஒரு குடத்தைத் திருப்பி, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தைத் தடவினார்.

“இது என்ன?”

“பேரு.”

“யார் பேர்? படியுங்கள்.”

இதற்கு விரல் போதாது. குணவதி குனிந்து படித்தாள். “இராசம்மா.”

“என்னம்மா, கூப்பிட்டியா?” என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“உங்களக் கூப்பிடல பெரியம்மா. கொடத்தப் படிக்கிறோம்,” என்றாள் பிரேமலா.

ரொஸ்லானுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “பக்கத்து வீட்டு அம்மாவின் குடம் இங்கே எப்படி வந்தது?”

“இவங்க கல்யாணத்துக்கு அந்தம்மா குடுத்தாங்க.”

“கொடுத்தால், வாங்கினவர் பேரைத்தானே போட வேண்டும்?”

“நாங்க குடுத்தவங்க பேரத்தான் போடுவோம்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “எங்கள் கிராமத்திலும் தட்டுக்கு அடியில் பேர் எழுதுவோம், புவான். ஊர் விருந்துக்கு இரவல் போகும். பேர் இருந்தால்தான் திரும்பி வரும். நீங்கள் திரும்பி வரக் கூடாது என்பதற்காகவா பேர் போடுகிறீர்கள்?”

“ஆமா,” என்றாள் குணவதி. சொன்ன பிறகு அது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கொடுத்தது தெரிய வேண்டும் என்பதற்காகப் போடுகிறோமா? திரும்பக் கேட்க மாட்டோம் என்பதற்காகவா? இத்தனை வருசத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

ஒவ்வொன்றாகப் படிக்க வைத்தார். அதில் ஒரு துளசி, ஒரு குகனேஸ்வரன் குடும்பத்தார், ஒரு மேல் லைன் இளைஞர் மன்றம். மன்றத்தின் பெயரை மொழிபெயர்த்துச் சொன்னபோது, “இளைஞர் மன்றத்துக்குத் தட்டு எதற்கு?” என்று கேட்டார். அதை விளக்கப் போனால் பொழுது போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியாக அண்டா. அதன் விளிம்பைப் படிக்காமலே அவளுக்குத் தெரியும்.

“க. குணவதி.”

“யார் இவர்?”

“நான்தான்.”

ரொஸ்லான் அண்டாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “உங்கள் பொருளை உங்களுக்காக நான் பறிமுதல் செய்ய முடியாது. நீங்களே தூக்கிக்கொண்டு போகலாம்.”

“இல்ல, இத நான் குடுத்துட்டேன்.”

“அப்படியானால் அவருடையது. ஏலத்துக்கு எடுக்கிறேன்.”

“இல்ல...” குணவதிக்கு மலாய் வார்த்தை வரவில்லை. தம்பி தாலி கட்டியபோது அக்கா என்ற முறையில் மூன்றாவது முடிச்சைப் போட்டது அவள்தான். அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் இந்த அண்டா இருந்தது, மஞ்சள் தடவி, உள்ளே அரிசியோடு. அதை இப்போது ஏலத்துக்குத் தூக்கச் சொல்வதா, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதா?

“எடுத்துக்கங்க அண்ணி,” என்றாள் பிரேமலா. “உங்க பேருதானே போட்டிருக்கு.”

குத்திக் காட்டினாளா, மனசாரச் சொன்னாளா? முகத்தைப் பார்த்தால் இரண்டும் போலத்தான் இருந்தது.

“குடுத்தத திருப்பி எடுத்தா லைன்ல என்ன பேசுவாங்க, பிரேமலா?”

“கோர்ட்டுக்குப் போனதுக்கே பேசி முடிச்சிட்டாங்க. புதுசா என்ன பேசப் போறாங்க?”

ரொஸ்லான் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பேர். எடுத்தால் நாளைக்கு இத்தனை பேரும் தங்களுடையது என்று வந்து நிற்பார்கள். வந்து நிற்காவிட்டாலும் விற்கிற காசு பெட்ரோலுக்குக் காணாது. பாத்திரங்கள் வேண்டாம் என்றார்.

அவர் முன் அறைக்கு வந்தபோதுதான் அது குணவதியின் கண்ணில் பட்டது. உள்ளே நுழையும்போதே பட்டிருக்க வேண்டும். குணவதி அப்போது தலையைக் குனிந்துகொண்டு வந்திருந்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில், அவள் நெஞ்சு உயரத்துக்கு, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. கருக்காத, எண்ணெய் படாத புது விளக்கு. அவள் இந்த வீட்டுப் படியேறி ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. இப்படி ஒன்று இங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ரொஸ்லான் விரலால் தட்டினார். உள்ளே கூடு இல்லை. கெட்டியாகச் சத்தம் வந்தது.

“இது நல்ல விலைக்குப் போகும்,” என்றார்.

குணவதி கணக்குப் போட்டாள். பாதிக் கூரை வந்துவிடும். பாதி இருந்தால் மீதியை எங்காவது புரட்டிக்கொள்ளலாம். படுக்கிற அறைக்கும் அடுப்படிக்கும் ஜிங்க் தகடு போட்டுவிட்டால் மாதக் கடைசியில் போய் இருந்துகொள்ளலாம்.

“அடியில் எழுத்து இருக்கிறது. படித்துச் சொல்லுங்கள்,” என்று ரொஸ்லான் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தார்.

அடித்தட்டில் இரண்டு வரிகள் இருந்தன.

குணவதி மண்டியிட்டு முதல் வரியைப் படித்தாள். “மாரியம்மன் கோயிலுக்கு.”

கண் இரண்டாம் வரிக்குப் போனது: உபயம், க. தர்மா.

அந்த ‘க.’ அண்டாவில் இருந்த அதே ‘க.’தான். அவள் நிமிர்ந்தாள். காப்பிக் கோப்பையோடு நின்ற பிரேமலா கண்ணை விரித்து அவளையே பார்த்தாள். தலையை லேசாக அசைத்தாள். ‘வேண்டாம் அண்ணி, படிக்காதீங்க’ என்று கேட்பதாகத்தான் குணவதி எடுத்துக்கொண்டாள். வாய் அப்படியே நின்றுவிட்டது. பயமா, பாவமா, சாமி பேரைச் சொன்ன வாயா, எது நிறுத்தியது என்று பிறகு யோசித்தபோதும் அவளால் சொல்ல முடியவில்லை.

“கோயிலுடையதா?” ரொஸ்லான் சுட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டார். குணவதி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அம்மா தாயே,” என்று சுவருக்கு மேலிருந்த இராசம்மாவின் தலை மறைந்தது.

அவர் அடித்தட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டார். காப்பியை நின்றபடியே குடித்து முடித்தார். “எடுக்கத்தக்க பொருள் எதுவும் இல்லை என்று எழுத வேண்டியதுதான், புவான். எதற்கும் எங்கள் ஆபீஸில் உங்கள் பாஷை படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். படத்தை அவருக்கு அனுப்பிப் பார்க்கிறேன்,” என்றார். அடுத்த வேலை கம்போங் ராஜாவில். குணவதி மதிய பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பிக்கப் மூடுபனிக்குள் போனது.

குணவதி பலகையில் உட்கார்ந்தாள். கைப்பேசி அடித்தது. செல்வராஜு. எடுக்கவில்லை. என்ன எடுத்தார்கள் என்று கேட்பார். விளக்கைப் பற்றிச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா? சொன்னால் எந்த வரியை?

“சாப்பிட்டுப் போங்க அண்ணி,” என்றாள் பிரேமலா. அவளும் எதையோ கேட்க நினைப்பதுபோல நின்றாள். அதற்குள் வாசலில் பூட்ஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

தர்மா. சட்டையில் முட்டைகோஸ் இலை ஒட்டியிருந்தது. கோர்ட்டு ஆள் வந்துபோன சேதி கேள்விப்பட்டுப் பாதி வேலையில் வந்திருந்தான். அக்காவை நேராகப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தான்.

“எடுத்துட்டுப் போகலையா?”

“எத?”

“இதத்தான். மூடி வெச்சிருந்த சாக்கக் கழட்டி, தொடச்சு, உள்ள வந்ததும் கண்ணுல படற மாதிரி வெச்சுட்டுல்ல போனேன்.”

“நீயா வெச்ச?”

“பின்ன யாரு? எங்கிட்ட குடுக்கறதுக்கு வேற என்ன இருக்கு? கையில குடுத்தா மச்சான் வாங்க மாட்டாரு. கோர்ட்டு எடுத்தா கோர்ட்டுக் கணக்கு. யாரும் பேச முடியாது. அதான் வெச்சேன்.”

குணவதி பிரேமலாவைப் பார்த்தாள். “படிக்காதீங்கன்னுதானே நீ கண்ணக் காட்டுன?”

“படிங்கன்னு காட்டினேன் அண்ணி. இத்தன நேரம் படிச்சீங்க, இதுக்கு மட்டும் நிறுத்திட்டீங்களேன்னு. நீங்கதான் தலையக் குனிஞ்சுட்டீங்க.”

“சாமிக்குன்னு எழுதியிருக்கேடி.”

“சாமி வேணாம்னுருச்சுக்கா,” என்றான் தர்மா.

அவன் தரையில் உட்கார்ந்தான். கூரைப் பணம் எங்கே போனது என்று கோர்ட்டில் கேட்டபோது சொல்லாததை, முட்டைகோஸ் இலையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். குணவதி பணம் கொடுத்த அதே வாரம் பிரேமலாவை ஈப்போவில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைப்பாளா என்று டாக்டருக்கே சந்தேகம். அவள் எழுந்து வந்தால் மாரியம்மனுக்கு விளக்கு வாங்கி வைப்பதாக நேர்ந்துகொண்டான். எழுந்து வந்தாள். வாங்கினான். கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

“காளிமுத்தண்ணன் படியிலயே நிறுத்திட்டாரு. அக்கா கூரைக் காசுல வாங்குன வெளக்கு, இது கோயிலுக்கு ஆகாதுன்னு.”

“என் காசா?” பிரேமலாவின் ஆஸ்பத்திரிச் செலவை அவள் அம்மா கட்டியதாகத்தான் குணவதி நினைத்திருந்தாள்.

“உன் காசுதான். பாதி ஆஸ்பத்திரிக்கு. பாதி இதுக்கு.”

குணவதி விளக்கைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் வேறு யாருடையதோ போல நின்ற பொருள். அதன்மேல் இப்போது என்ன பெயர் எழுதியிருக்க வேண்டும்?

“ஏன்டா அப்பவே சொல்லல?”

“சொன்னா, போகட்டும் விடுடான்னுருப்ப.”

“நல்லதுதானே?”

“உனக்கு நல்லது. ஆயுசுக்கும் நான் உன் மொகத்துல முழிக்கணும். திட்டு வாங்கிட்டு, கோர்ட்டுல நின்னுட்டு, கட்டித் தொலச்சிடலாம்னு பாத்தேன். கட்டவும் முடியல. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணக் கட்டலாம்னு வெச்சேன், அதையும் நீயே தள்ளி விட்டுட்ட.”

அவனைத் திட்ட வேண்டுமா, தன்னையே திட்டிக்கொள்ள வேண்டுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “அப்ப நான் அந்த ஆளக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்,” என்று கைப்பேசியை எடுத்தாள். எடுத்த கை நின்றது. முதலில் பாதியை ஏன் விழுங்கினாய் என்று கேட்டால்?

அந்த நேரத்தில் வாசலில் ஒரு லோரி பின்பக்கமாக வந்து நின்றது.

கோயில் செயலாளர் காளிமுத்து இறங்கினார். கூட இரண்டு ஆட்கள். கையில் மஞ்சள் துணி. அவருக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, இராசம்மா.

“தங்கச்சி, நீ இருக்கறது நல்லதாப் போச்சு,” என்றார் காளிமுத்து. “கவர்மென்ட் ஆபிசருக்கு முன்னால உன் வாயாலயே சொன்னியாமே, இது கோயில் வெளக்குன்னு.”

“நான் முழுசா சொல்லலண்ணே.”

“இதுக்கு மேல என்ன முழுசு? இராசம்மா காதால கேட்டிருக்கா.”

“இந்த ரெண்டு காதால,” என்றாள் இராசம்மா.

தர்மா எழுந்தான். “ஆறு மாசமா ஆகாத வெளக்கு இன்னைக்கு எப்படிண்ணே ஆவும்?”

காளிமுத்து கோபப்படவில்லை. கமிட்டியில் பேசுகிற நிதானத்தில் விளக்கினார். “அன்னைக்கு அது கடன்காரன் வெளக்கு. வாங்கி வெச்சா, நாளைக்கு உங்க அக்கா வந்து கோயில் வாசல்ல நிப்பா. யாரு பதில் சொல்றது? இன்னைக்கு கோர்ட்டே கை வைக்கல. கடன் குடுத்தவளே கோயிலுக்குன்னு சொல்லிட்டா. இனிமே வாங்கலேன்னாத்தான் தப்பு, லா.”

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பிசகும் தெரியவில்லை. குணவதிக்கு அதுதான் பயமாக இருந்தது.

“அண்ணே, எங்க வீட்டுக்குக் கூரை இல்லண்ணே.”

“ஆத்தா போட்டுத் தருவா,” என்று மஞ்சள் துணியை விளக்கின் தண்டில் கட்டினார் காளிமுத்து. “தூக்குங்கப்பா. சாச்சுறாதீங்க.”

இரண்டு ஆட்களும் மேலும் கீழுமாகப் பிடித்துத் தூக்கினார்கள். முன்னால் போனவன் படியிறங்கினான். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அப்போது மறுபடியும் கைப்பேசி அடித்தது. செல்வராஜு இல்லை. ரொஸ்லான்.

“புவான், எங்கள் ஆள் படத்தைப் படித்துவிட்டார். இரண்டாவது வரி ஒன்று இருக்கிறதாமே. எனக்கு நீங்கள் அதைச் சொல்லவில்லை.”

அவர் குரலில் கோபம் இருந்ததா, சந்தேகம் இருந்ததா தெரியவில்லை. வாசலில் எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. குணவதி, ஆட்கள் தூக்கிப் பிடித்திருந்த விளக்குக்குப் பக்கத்தில் போய் நின்று, இந்த முறை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

“உபயம். க. தர்மா.”

“தர்மா யார் என்று தெரியும். வழக்கில் இருக்கிறவர். உபயம் என்றால் என்ன? கோயிலுக்குக் கொடுப்பது என்று எங்கள் ஆள் சொல்கிறார். நான் கேட்பது இதுதான், புவான். கொடுத்தாயிற்றா, கொடுக்கப் போகிறாரா?”

குணவதி திகைத்துப்போனாள். கோயில் மணியில், டியூப் லைட்டில், தண்ணீர்த் தொட்டியில், எத்தனை இடத்தில் படித்த வார்த்தை. அது முடிந்ததைச் சொல்கிறதா, வரப் போவதைச் சொல்கிறதா? வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

“டேய், கேக்கறாரு. குடுத்துட்டியா, குடுக்கலையா?”

தர்மா விளக்கைப் பார்த்தான், லோரியைப் பார்த்தான். “குடுத்தேன். வாங்கல.”

“வாங்கலைன்னு யாரு சொன்னா?” என்றார் காளிமுத்து. “இப்ப வாங்கிக்கிட்டுத்தானே இருக்கோம்.”

இரண்டையும் அவள் மலாயில் மாற்றிச் சொன்னாள். ரொஸ்லான், தான் பாதி வழியில் வண்டியைத் திருப்புவதாகச் சொன்னார். வந்து பார்க்கும்வரை விளக்கை யாரும் நகர்த்தக் கூடாது. அது இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். நகர்த்தினால் அது தனிக் குற்றம், நகர்த்தியவர் யாராக இருந்தாலும்.

குணவதி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள். “எடுத்தா குத்தமாம். இருக்கற எடத்துலயே இருக்கணும்னு சொல்றாரு.”

யாரும் அசையவில்லை. பின்னால் பிடித்தவனின் கால் வாசற்படிக்குள் இருந்தது. முன்னால் பிடித்தவனின் முதுகு லோரிப் பலகையில் முட்டியிருந்தது. நடுவில் விளக்கு படுத்த வாக்கில் தூறலில் நனைந்துகொண்டிருந்தது. கீழ் வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் இரைந்து ஏறி வருகிற சத்தம் கேட்டது. அது காலையில் செல்வராஜு உதைத்துக் கிளப்பிய மோட்டார் என்று குணவதிக்குத் தெரியும்.

முன்னால் பிடித்தவன் விளக்கை இறக்காமல் தலையை மட்டும் திருப்பினான்.

“இருக்கற எடம்னா எதும்மா?” என்று கேட்டான். “வீடா, லோரியா?”